தாத்தா முகத்தைத் தைல பாட்டிலில் ஒட்டி விற்கிறார்கள், யாரைப் போய்க் கேட்பது?

பபூன்பேரன் | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். இங்கே படித்துவிட்டுப் பேசாமல் போகிற ஆள் நான். இன்றைக்குப் பேச வேண்டியதாகிவிட்டது.

என் அம்மாவின் அப்பா ஸ்பெஷல் நாடகத்தில் பபூன், அதாவது கோமாளி வேஷக்காரர். உசிலம்பட்டி, சோழவந்தான், மேலூர்ப் பக்கம் அறுபது வயது தாண்டியவர்களிடம் கேட்டால் அவர் குரலைச் சொல்வார்கள். 2009-இல் இறந்துபோனார்.

மூன்று வாரம் முன்பு எங்கள் தெருவுக்குள் ஒரு குட்டியானை வண்டி குழாய் கட்டிக்கொண்டு வந்தது. அம்மா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். திடீரென்று அரிசிச் சட்டியோடு வாசலுக்கு ஓடினார். "அப்பா குரல்டா, அப்பா குரல்டா" என்று தெருமுனை வரைக்கும் அந்த வண்டி பின்னாலேயே போனார். களைந்த தண்ணீர் வழியெல்லாம் சிந்திக் கிடந்தது.

குரல் தாத்தாவுடையதுதான். 1998-இல் ஒரு ஊர்ப் பொங்கலுக்குப் போட்ட வள்ளி திருமணத்தை யாரோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். அதில் அவர் மேடையேறும் இடத்தில் சொல்லும் இரண்டு வரியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். மூன்றாவது வரியில் அதே குரல் ஒரு வலித் தைலத்தின் பெயரைச் சொல்கிறது. அந்தத் தைலம் அவர் உயிரோடு இருந்தபோது கிடையாது. பாட்டிலில் அரிதாரத்தோடு அவர் படம். கீழே "விடிய விடிய ஆடியும் வலிக்காத கால்".

எனக்கு எரிந்தது அந்த வரிதான். கடைசி ஆறு வருடம் அவரால் சம்மணம் போட முடியாது. கட்டிலில் இருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டும். வலிக்காத காலாம்.

பாட்டிலில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க தாத்தாவுக்குப் பெருமைதானே தம்பி" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா?

செல்லூர்க்காரன் | வெள்ளி, இரவு 10.05

தம்பி, கோபப்படாதீங்க. இது மதுரை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டே எம்.ஜி.ஆர். பேரில்தான் இருக்கிறது. அவர் 1987-இல் போனார். அதற்கப்புறம் அவர் படம் போட்ட சலூன், டீக்கடை, புரோட்டாக் கடை, ஆட்டோ எத்தனை? யார் போய் யாரிடம் கேட்டார்கள்? சிவாஜி படம் போட்ட கடைக்குச் சிவாஜி ரசிகன் வந்து டீ குடிப்பான், அவ்வளவுதான். செத்தவர் பேர் ஊர் வாயில் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போவதை விட்டுவிட்டு வக்கீலுக்குக் காசு செலவழிப்பதா?

தெற்குவாசல் | வெள்ளி, இரவு 10.21

செல்லூர் அண்ணே, டீக்கடைக்காரர் எம்.ஜி.ஆர். படத்துக்கு மாலை போடுகிறார். எம்.ஜி.ஆர். என் கடை டீயைத்தான் குடித்தார் என்று சொல்வதில்லையே. இங்கே செத்த மனிதர் வாயைத் திறந்து பேச வைத்திருக்கிறார்கள். அந்த மூன்றாவது வரி கண்டிப்பாக ஏஐ-தான். நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். சில நிமிடம் சுத்தமான குரல் கிடைத்தால் போதும், மிச்சத்தைக் கம்ப்யூட்டர் செய்துவிடும்.

சினிமாவிலேயே இரண்டு விதமாக நடந்தது. 'லால் சலாம்' படத்தில் ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏஐ-யில் கொண்டுவந்தார். இரண்டு குடும்பத்திடமும் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக அவரே சொன்னார். இன்னொரு பக்கம் ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி. குரலைக் கேட்காமல் செய்தார்கள் என்று அவர் மகன் சரண் 2024-இல் வக்கீல் நோட்டீஸ் விட்டார். நம்ம ஊர் விஜயகாந்தை 'கோட்' படத்தில் காட்டினார்களே, அதற்கும் குடும்பத்திடம் கேட்டுத்தான் செய்தார்கள். கோடிக்கணக்கில் போட்டு எடுக்கிறவனே கேட்கும்போது தைலக்காரர் ஒரு போன் போட்டிருக்கலாம்.

செல்லூர்க்காரன் | வெள்ளி, இரவு 10.30

அது கேப்டன். நாடகக்காரருக்கு யார் வாரிசு, எங்கே இருக்கிறார் என்று தைலக்காரருக்கு எப்படித் தெரியும்?

பபூன்பேரன் | வெள்ளி, இரவு 10.34

எங்கள் ஊர்ப் பேரே லேபிளில் போட்டிருக்கிறதே அண்ணே.

கோர்ட்வாசல் | சனி, காலை 7.15

நான் வக்கீல் இல்லை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒருவரிடம் இருபது வருடமாகக் குமாஸ்தா. கட்டு தூக்கித் தூக்கித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் கசப்பான செய்தி. உயிரோடு இருக்கும் நடிகருக்குத் தன் பேர், முகம், குரல் மேல் உரிமை உண்டு. ரஜினி 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு இந்திப் படத்தின் தலைப்புக்கு எதிராகத் தடை வாங்கினார். ஆனால் ஆள் போய்விட்டால் நிலைமை வேறு. ஜெயலலிதா வாழ்க்கையைச் சொல்லும் சினிமாவுக்கு எதிராக அவர் அண்ணன் மகள் தீபா போட்ட வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவர் சாவோடு முடிகிறது, வாரிசுக்கு இறங்காது என்றது. இறந்துபோன இந்தி நடிகர் சுஷாந்த் சிங்கின் அப்பா போட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் 2023-இல் அதே பாதையில்தான் போனது. வீடு இறங்கும், நிலம் இறங்கும், முகம் இறங்காது.

ஆனால் ஒன்று. அந்த இரண்டுமே சினிமா சம்பந்தப்பட்ட வழக்கு. சினிமா எடுப்பது பேச்சுரிமைக்குள் வரும். தைலம் விற்பதைப் பேச்சுரிமை என்று வாதாடச் சொல்லுங்கள், நானும் வந்து வேடிக்கை பார்க்கிறேன்.

அதனால் முன்வாசலில் முட்டாமல் பக்கத்துச் சந்து வழியாகப் போகலாம். 1999-ஆம் வருட வணிகக் குறி (டிரேட்மார்க்) சட்டத்தில் 14-வது பிரிவு என்று ஒன்று. ஒரு பொருளின் குறி, உயிரோடு இருப்பவரோடோ, விண்ணப்பத்துக்கு முந்தைய 20 வருடத்துக்குள் இறந்தவரோடோ இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்டினால், எழுத்துமூலச் சம்மதம் கொண்டுவா என்று பதிவாளர் கேட்கலாம். இறந்தவர் என்றால் சட்டப்படியான வாரிசின் சம்மதம். உங்கள் தாத்தா 2009 என்றால் 2029 வரைக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது. அந்தத் தைலப் பேரைப் பதிவுக்குப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். வணிகக் குறிப் பதிவகத்தின் இதழில் விளம்பரமாகியிருந்தால் அன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆட்சேபம் போட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் போச்சு.

இரண்டாவது, அந்தக் கேசட். மேடைக் கலைஞருக்கு அவர் நிகழ்த்தியதன் மேல் உரிமை 50 வருடம். 1998-இல் ஆடியதென்றால் 2048 முடிய ஓடும். வெட்டி எடுத்த இரண்டு வரிக்கு அதை வைத்துக் கேட்கலாம். மூன்றாவது வரி அவர் பேசவே இல்லை என்பதால் அது வேறு வாதம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வலிக்காத கால் என்பது பொய் விளம்பரம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடம் உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதியலாம். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கிறதா? இல்லையென்றால் மருந்து ஆய்வாளருக்கு ஒரு தாள் எழுதுங்கள். தாத்தா பேச்சே எடுக்க வேண்டாம், வேலை தானாக நடக்கும்.

செல்லூர்க்காரன் | சனி, காலை 7.50

அப்போ 2029-க்கு அப்புறம் யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாமா?

கோர்ட்வாசல் | சனி, காலை 8.02

அந்தப் பிரிவுப்படி அப்படித்தான். சில பேருக்கு மட்டும் கெடுவே கிடையாது. 1950-ஆம் வருடச் சின்னங்கள், பெயர்கள் சட்டத்தில் காந்தி, நேரு, இந்திரா, சத்ரபதி சிவாஜி பேரெல்லாம் இருக்கிறது. அதாவது நிஜ சிவாஜிக்குக் காவல் உண்டு, வேஷம் கட்டிய நம்ம சிவாஜிக்குக் கிடையாது. அந்தச் சட்டத்திலும் காலண்டருக்கு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். அதில் தயாரித்தவர், அச்சடித்தவர் பேர் மட்டும் இருக்க வேண்டும், சரக்கு விளம்பரமாக ஆக்கக் கூடாது. சிவகாசிக்காரர்களை நினைத்து எழுதினார்களோ என்னவோ.

சுங்குடி | சனி, காலை 11.30

நான் சேலை விற்கிறவள் என்பதால் இதை எழுதுகிறேன். எம்.எஸ். ப்ளூ என்று கேட்டு இன்றைக்கும் ஆள் வருகிறார்கள். காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்காக எடுத்துக் கொடுத்த நீலம். அந்த அம்மா உயிரோடு இருந்தபோதே அந்தப் பேர் வந்துவிட்டது, அவர் அதை உடுத்தியதும் உண்மை. பொய் எதுவும் இல்லை. அதனால் அந்தப் பேரைச் சொல்லி விற்கும்போது எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் அவருடைய உயில் விஷயம் படித்த பிறகு கொஞ்சம் யோசனை. 1997-இல் எழுதிய உயிலில், என் பேரில் அறக்கட்டளை வேண்டாம், நினைவகம் வேண்டாம், சிலை வேண்டாம், அதற்காக வசூலும் வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார். 2024-இல் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவுக்கு எம்.எஸ். பேரில் விருது என்று அறிவித்தபோது பேரன் இந்த உயிலைக் காட்டித்தான் வழக்குப் போட்டார். தனி நீதிபதி பேரனுக்குச் சாதகமாகச் சொன்னார், டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் டிசம்பரில் இடைக்கால உத்தரவு போட்டு, கிருஷ்ணா அந்த விருது பெற்றவராகத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றது. யார் பக்கம் நியாயம் என்று சண்டை போட நான் வரவில்லை. இவ்வளவு தெளிவாக எழுதி வைத்துப் போனவர் பேருக்கே இத்தனை இழுபறி என்றால் நாடகக்காரத் தாத்தாவுக்கு என்ன காப்பு?

அனுமந்தராயன் கோவில் தெருவில் அவர் பிறந்த வீட்டைத் தாண்டித்தான் நான் கடைக்குப் போகிறேன். தினம் ஒரு தடவை நினைத்துக்கொள்வேன்.

கோர்ட்வாசல் | சனி, காலை 11.48

அக்கா, ஒரு வேடிக்கை பாருங்கள். எம்.எஸ். அம்மா இறந்தது 2004 டிசம்பர் 11. நான் சொன்ன 20 வருடக் கெடு முடிந்தது 2024 டிசம்பர் 11. அந்த வழக்கு உச்சத்தில் இருந்த அதே வாரம். நான் படித்த எந்தப் பத்திரிகையும் இதை எழுதவில்லை என்று எனக்கு வருத்தம்.

டல்லாஸ் மதுரை | சனி, மதியம் 1.10

இங்கே அமெரிக்காவில் இது பெரிய வியாபாரம். கலிபோர்னியா சட்டப்படி செத்து 70 வருடம் வரைக்கும் பேரும் முகமும் குடும்பச் சொத்து. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மர்லின் மன்றோ சாகும்போது சட்டப்படி நியூயார்க்வாசி என்பதால் அவர் வாரிசுகளுக்கு அந்த உரிமை கிடையாது என்று 2012-இல் கோர்ட் சொல்லிவிட்டது. ராபின் வில்லியம்ஸ் கெட்டிக்காரர். 2014-இல் சாவதற்கு முன்பே, 25 வருடம் என் முகத்தை யாரும் விளம்பரத்துக்குத் தொடக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டார். 2039 வரை குடும்பமே நினைத்தாலும் விற்க முடியாது. குடும்பத்திடம் இருந்தும் காப்பாற்றிக்கொண்டார் பாருங்கள், அதுதான் விஷயம்.

கடைபோர்டு | சனி, மாலை 4.45

திட்டாமல் கேளுங்கள். நான் பிளக்ஸ், லேபிள் டிசைன் செய்கிறவன். வாரம் ஒருவராவது வந்து ஒரு நடிகர் படம் போட்டுக் கொடுங்கள் என்பார். உயிரோடு இருப்பவர் வேண்டாம் சார், நோட்டீஸ் வரும் என்று நான் சொன்னால், அப்போ செத்தவராகப் பார்த்துப் போடுங்கள் என்பார். இதுதான் நடக்கிறது. பாசமெல்லாம் இல்லை. உயிரோடு இருப்பவருக்குக் காசு, செத்தவர் இலவசம். டி.எம்.எஸ்-க்கு முனிச்சாலையில் சிலை திறந்த 2023-இல் அவர் படம் கேட்டு மட்டும் நாலைந்து பேர் வந்தார்கள், ஒருவர் ஊறுகாய்க்காரர். டி.எம்.எஸ்-க்கும் ஊறுகாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "குரல் காரமா இருக்கும்ல" என்றார். போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்போது தப்பாகத் தெரியவில்லை.

ஆர்மோனியம் | ஞாயிறு, காலை 6.20

பேரப்பிள்ளை, உங்கள் தாத்தாவுக்கு நான் இரண்டு கைக்கு மேல் எண்ணும் அளவுக்கு வாசித்திருக்கிறேன். பேர் சொல்லாவிட்டாலும் ஊரும் வருடமும் வைத்து யாரென்று தெரிந்துவிட்டது.

ஸ்பெஷல் நாடகம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது கம்பெனி நாடகம் மாதிரி ஒரே குழு இல்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரிபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், நான் ஒரு ஊர். ஏஜெண்ட் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுப்பார். ஒத்திகை கிடையாது. ராத்திரி மேடையில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் கதையும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் விடியும்வரை ஓடும். அதனால் நோட்டீசில் யார் முகம் இருக்கிறதோ அதற்குத்தான் கூட்டம். முகமும் பேரும்தான் எங்கள் மூலதனம். உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது.

ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். உங்கள் தாத்தா மேடையில் விளம்பரம் சொல்லாத மனிதர் இல்லை. முதலில் மேடையேறுவது பபூன்தானே. யாராவது சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்தினால் மைக்கில் அவர் பேர் சொல்ல வேண்டும். அதோடு உள்ளூர்ச் சைக்கிள் கடை, சோடாக் கம்பெனி, பாத்திரக்கடை எல்லாம் சொல்வார். பத்து ரூபாய்க்கும் சொல்வார், ஒரு சோடாவுக்கும் சொல்வார். அவர் பேர் சொல்லிச் சரக்கு விற்றது இன்றைக்குப் புதிதில்லை.

செல்லூர்க்காரன் | ஞாயிறு, காலை 8.00

இதைத்தான் நானும் முதலிலேயே சொன்னேன்.

பபூன்பேரன் | ஞாயிறு, காலை 9.35

ஐயா, வணக்கம். இது தெரியாமல் இல்லை. சின்ன வயதில் நானே முன்வரிசையில் பாயில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆனால் எப்படிச் சொல்வார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். சைக்கிள் கடை பேரைச் சொல்லிவிட்டு, "அங்கே வாங்கின சைக்கிள்லதான் வந்தேன், அதான் நாடகத்துக்கு லேட்டு" என்பார். சோடாவைக் குடித்துவிட்டு ஏப்பம் விடாமல் முழிப்பார். கடைக்காரரும் சேர்ந்து சிரிப்பார். காசு வாங்கிக்கொண்டே வாரிவிடுவதுதான் அவர் தொழில். ஒரு சரக்கையும் ஒழுங்காகப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

இந்தத் தைலத்தை அவர் கையில் கொடுத்திருந்தால் முழங்காலில் தேய்த்துக்கொண்டு அப்படியே நொண்டி நொண்டிப் போய்க் காட்டியிருப்பார். குரலை எடுத்தவர்கள் அந்தக் குறும்பை மட்டும் வெட்டிவிட்டார்கள். வண்டியில் பேசுகிறவர் சமர்த்துப் பிள்ளை மாதிரிப் பேசுகிறார். அம்மா அதைத்தான் சொன்னார்: "குரல் அப்பாதுதான், ஆனா அப்பா இல்ல."

ஆர்மோனியம் | ஞாயிறு, காலை 9.58

சரியாகச் சொன்னீர்கள். அந்த ஏப்பத்துக்கு நான் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அழுத்துவேன்.

தெற்குவாசல் | ஞாயிறு, காலை 10.15

அந்த வண்டி ஆடியோவை யாராவது போனில் பிடித்தால் அனுப்புங்கள். எந்த இடத்தில் ஒட்டு என்று எழுதித் தருகிறேன். புகாரோடு வைக்க உதவும்.

பபூன்பேரன் | புதன், இரவு 8.50

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது.

கோர்ட்வாசல் அண்ணன் சொன்னபடி தேடினேன். பேர் பதிவுக்குப் போயிருக்கிறது. விளம்பரமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது, கெடு தாண்டவில்லை. அதோடு குடும்பச் சம்மதக் கடிதம் ஒன்றும் தங்களிடம் இருப்பதாகத் தைலக்காரர் சொல்லி, அதன் நகலை வாட்ஸப்பில் அனுப்பினார். கையெழுத்து என் தாய்மாமாவுடையது. 5,000 ரூபாயும் இரண்டு டஜன் பாட்டிலும் வாங்கியிருக்கிறார்.

அம்மா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் போய்க் கேட்டேன். மாமா கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "அப்பா செத்து இத்தனை வருஷத்துல அவர் படத்த எவன்டா எங்க ஒட்டுனான்? நாடகக்காரங்க மறந்தாச்சு, ஊரும் மறந்தாச்சு, நீயும் நானும் வருஷத்துக்கு ஒரு நாள் மாலை போடுறோம். இப்ப உசிலம்பட்டி மருந்துக்கடையில அவர் இருக்காரு" என்றார். காலைப் பற்றிய வரியைக் கேட்டேன். கையெழுத்துப் போடும்போது அதைக் காட்டவில்லை என்றார். குரல் விஷயமும் அவருக்குத் தெரியாது.

எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும். வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை.

கோர்ட்வாசல் | புதன், இரவு 9.20

தம்பி, அம்மாவும் மகள் என்கிற முறையில் சம வாரிசுதான். மாமா ஒருவர் கையெழுத்து அவர் பங்குக்குத்தான், உங்கள் அம்மாவைக் கட்டாது. அதோடு அவர் கொடுத்தது படத்துக்குச் சம்மதம். குரலை உருவாக்க யாரும் சம்மதம் கொடுக்கவில்லை. அம்மா பேரில் ஆட்சேபத்தைக் கெடுவுக்குள் போட்டு வையுங்கள், அப்புறம் பேசினால் மரியாதையாகப் பேசுவார்கள். அம்மா என்ன கேட்கிறார்? பணமா?

பபூன்பேரன் | வியாழன், காலை 7.05

பணம் வேண்டாம் என்கிறார். வண்டியில் குரல் போகக் கூடாது, காலைப் பற்றிய வரியை எடுக்க வேண்டும், இரண்டுதான். படம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நேற்று ராத்திரி சொன்னார். மாமா சொன்னதை நான் சொன்ன பிறகுதான் அப்படிச் சொன்னார்.

பபூன்பேரன் | திங்கள், இரவு 9.15

ஆட்சேபம் போட்டாயிற்று. போட்ட மறுநாளே தைலக்காரர் வீட்டுக்கு வந்தார். வண்டி ஆடியோவை நிறுத்திவிட்டார், அது உண்மை, தெருவில் இப்போது வெறும் பாட்டுதான் ஓடுகிறது. லேபிளை அடுத்த அச்சில் மாற்றுகிறேன் என்கிறார். எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம், இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கும்வரை ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுவதில்லை. தெற்குவாசல் அண்ணன் எழுதித் தந்த ஒட்டுக் கணக்கைப் பார்த்துத்தான் ஆள் கொஞ்சம் வெளுத்துப்போனார், நன்றி.

இன்னொரு உதவி. அந்த லேபிளில் இருக்கும் படம் எங்கள் வீட்டில் இல்லை. அரிதாரத்தோடு தாத்தாவின் நல்ல படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. பழைய நாடக நோட்டீஸ் ஒன்றில் இருந்து எடுத்ததாம், அந்த நோட்டீஸையும் தொலைத்துவிட்டார்களாம். அம்மா பாட்டிலைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு லேபிளை உரித்துக் காயவைத்திருக்கிறார். அதை ஸ்கேன் செய்து எழுத்தையெல்லாம் நீக்கிப் பெரிதாக்கிக் கொடுக்க யாராவது இருக்கிறீர்களா? கடைபோர்டு அண்ணே, உங்களால் முடியுமா? காசு கொடுத்துவிடுகிறேன்.

கடைபோர்டு | திங்கள், இரவு 9.22

காசு வேண்டாம், அனுப்புங்கள்.

ஆர்மோனியம் | செவ்வாய், காலை 5.50

லேபிளை வைத்துக்கொண்டு சிரமப்பட வேண்டாம். அந்த நோட்டீஸ் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, என் படமும் அதே வரிசையில்தான். வியாழக்கிழமை வீட்டில் இருப்பேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒன்று மட்டும், உங்கள் தாத்தா பேரை அச்சகத்தில் தப்பாக அடித்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்தத் தப்புப் பேரைச் சொல்லிச் சொல்லியே சிரிக்க வைத்தார்.